சொந்தக் காரணங்களால்

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 46 வயது. கோவையில் ஒரு பம்ப்செட் மோட்டார் தொழிற்சாலையில், வைண்டிங் பிரிவில், 2003 ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவதுதான் என் வேலை. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, 2026 ஜனவரி 10 அன்று, ஷிப்ட் முடியும் நேரத்தில் எங்களை ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ஆர்டர் குறைந்துவிட்டது, உங்களை லே-ஆஃப் செய்கிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் மூன்றரை லட்சத்துக்குச் செக் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது" என்றார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கை நடுங்கியது, போட்டுவிட்டேன். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு நகலைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் என் மகள் வாசித்துச் சொன்ன பிறகுதான் அது ராஜினாமாக் கடிதம் என்று தெரிந்தது. "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், நிறுவனத்திடம் எனக்கு வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதியிருக்கிறதாம். என்னோடு சேர்த்து 31 பேரிடம் இப்படி வாங்கியிருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன் வந்து என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். மொத்தம் 212 தொழிலாளர்கள். எனக்குப் பிடித்தத்துக்கு முன் சம்பளம் 24,600 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200. எடுக்காத விடுப்பு 26 நாள் இருந்தது. செக் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முடியவில்லை, சகோதரி. உங்கள் கடிதம் வந்த அன்றே முக்கியமான விஷயங்களைத் தனியே எழுதி உங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டேன், பத்திரிகை அச்சாகி வரும்வரை தள்ளிப்போடக்கூடிய காரியம் இல்லை என்பதால். இங்கே விரிவாக எழுதுவது, உங்களோடு அந்த அறைக்குள் போய்வந்த மற்ற 30 பேருக்காகவும், நாளை அப்படி ஒரு அறைக்குள் கூப்பிடப்படப் போகிறவர்களுக்காகவும்.

முதலில் அவர்கள் சொன்ன வார்த்தையைப் பார்ப்போம். லே-ஆஃப் என்பது சட்டத்தில் தற்காலிகமானது. மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது என்று சில நாள் வேலை கொடுக்க முடியாமல் போவது. அப்போது உங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும், வேலை திரும்பியதும் நீங்களும் திரும்புவீர்கள். உங்களுக்கு நடந்தது அது இல்லை. ஆள் அதிகம் என்று சொல்லி நிரந்தரமாக வெளியே அனுப்புவதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ஆட்குறைப்பு. ஆட்குறைப்பு என்றால் நிர்வாகத்துக்குக் கடமைகள் உண்டு. ராஜினாமா என்றால் அந்தக் கடமைகளில் பெரும்பாலானவை இல்லை. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாளில் வேறொன்றை எழுதி வாங்கியது இதனால்தான்.

உங்கள் மகள் அந்தத் தாளை வாசித்துச் சொன்னார் என்ற வரியைப் படித்ததும் சிறிது நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். என் அப்பா இதே ஊரில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து, சட்டையில் பஞ்சு ஒட்டியபடியே வந்து, ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். "இதில் என்ன போட்டிருக்கிறது, வாசி பாப்பா" என்றார். அடியில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. "என் முழு விருப்பத்தின் பேரில்" என்ற சொற்கள் மூன்று இடங்களில் வந்தன. மூன்றாவது முறை நான் அதை வாசித்தபோது அவர் "போதும்" என்று வாங்கி மடித்து வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தத் தாளைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது என்றும் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பேனாவும் பழைய காலண்டர் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஜூன் முதல் 2026 ஜனவரி வரை 22 வருடம் 7 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை ஒரு முழு வருடமாகச் சேர்க்க வேண்டும் என்பதால் உங்கள் சேவை 23 ஆண்டுகள்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். இதற்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 700. பதினைந்து நாளுக்கு 10,500. அதை 23-ஆல் பெருக்கினால் 2,41,500 ரூபாய். இது ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. ஐந்து வருடச் சேவை முடித்த எவரிடமிருந்தும், "பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு இதை நிறுத்திவைக்க முடியாது.

ஆட்குறைப்பு இழப்பீடு தனி. இதுவும் ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம்தான். ஆனால் இங்கே 26-ஆல் வகுப்பதில்லை. பாதி மாதச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 9,100-ஐ 23-ஆல் பெருக்கினால் 2,09,300. ஒரு மாத முன்னறிவிப்பு தரவில்லை, எனவே அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் 18,200. எடுக்காத 26 நாள் விடுப்புக்குக் குறைந்தது 18,200. இவற்றோடு, புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு மறுபயிற்சி நிதி என்று 15 நாள் சம்பளம், 9,100 ரூபாய், 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

கூட்டினால் 4,96,300. ஜனவரியில் நீங்கள் உழைத்த நாட்களின் சம்பளமும் இந்த நிதியாண்டுக்கான போனஸும் இதில் சேரவில்லை. வைப்பு நிதி முழுக்க முழுக்க உங்கள் பணம், அதையும் நான் சேர்க்கவில்லை. உங்கள் கையில் கொடுத்த செக் 3,50,000. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் குறைவு. அதுவும் நிர்வாகம் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தால் வந்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையோடு ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு.

முறைப்படி செய்தார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே ஒரு வருத்தமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அதற்குப் பதிலாகப் புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. உங்கள் தொழிற்சாலையில் 212 பேர். எட்டு வாரம் முன்னால் இது நடந்திருந்தால் நிர்வாகம் அரசின் வாசலில் நின்று காரணம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மாற்றம் உங்களைப் போன்ற நடுத்தரத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் காவலை எடுத்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குத் தைரியம் மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது.

ஆனாலும் இரண்டு காவல்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்று, இழப்பீட்டை ஆட்குறைப்பின்போதே கொடுக்க வேண்டும். பிறகு தருகிறோம் என்பது செல்லாது. இந்த நிபந்தனையை மீறிய ஆட்குறைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-இலேயே, ஹாஸ்பிட்டல் மஸ்தூர் சபா வழக்கில் பழைய சட்டத்தின் கீழ் சொல்லிவிட்டது. புதிய தொகுப்பிலும் அதே நிபந்தனை இருக்கிறது. இரண்டு, கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். ஒரே பிரிவில், ஒரே வகை வேலையில், பின்னால் சேர்ந்தவரை வைத்துக்கொண்டு முன்னால் சேர்ந்தவரை அனுப்பினால் அதற்கான காரணத்தை நிர்வாகம் எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் இன்னும் அங்கே கம்பி சுற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கில் மிக வலுவான வரி அதுதான். அவர்கள் மீது கோபம் வேண்டாம். அவர்களுக்கும் இதே பயம் இருக்கும், நாளை உங்களுக்குச் சாட்சியாகவும் வரக்கூடும்.

இவை எல்லாம் உங்களுக்குக் கிடைக்க வேண்டுமென்றால், அந்தத் தாள் ராஜினாமா இல்லை என்று நிறுவ வேண்டும். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நேரில் பார்த்த சாட்சி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 31 பேருடைய நகல்களையும் ஒரே மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒரே தேதி, ஒரே அச்சு, ஒரே வாசகம். பெயரும் பணியாளர் எண்ணும் மட்டும் கையால் நிரப்பியிருக்கும். 31 பேருக்கு ஒரே சனிக்கிழமை மாலையில், ஒரே மாதிரியான "சொந்தக் காரணம்" எப்படி வந்தது? தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெண் ஆங்கிலத்தில் ஏன் ராஜினாமா எழுதினார்? ஏறக்குறைய ஐந்து லட்சம் வர வேண்டியவர் ஏன் மூன்றரை லட்சத்துக்கு விலகினார்? இந்தக் கேள்விகளை எழுப்ப அந்த நகல்களே போதும். ஒன்றுகூடத் தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். ஜனவரி 10 மாலை என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், கைப்பேசியை யார் வாங்கினார்கள் என்று நேரத்தோடு எழுதி, அந்தக் கையெழுத்து என் விருப்பத்தின் பேரில் போட்டது அல்ல, அதைத் திரும்பப் பெறுகிறேன், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று முடியுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிவு அஞ்சல் சென்ற ஆண்டு ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. எனவே ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தபால் ரசீதின் மை சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

செக்கைக் கிழிக்க வேண்டாம், பீரோவிலேயே வைத்திருக்கவும் வேண்டாம். செக்குக்கு அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் ஆயுள். அதே கடிதத்தில், "இந்தத் தொகையை எனக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியாக மட்டும், என் உரிமைகளுக்குப் பங்கம் இன்றிப் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டு, அது போய்ச் சேர்ந்த பிறகு வங்கியில் போடுங்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பணத்தை எடுத்தால் வழக்கு போய்விடும் என்று பயந்து கடன் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தேவையில்லாத துன்பம்.

அடுத்து, தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். தனி ஒருவரின் வேலைநீக்கமும் தொழில் தகராறுதான், சங்கம் இல்லாவிட்டாலும் நீங்களே கொடுக்கலாம். 31 பேரும் ஒரே நாளில் கொடுத்தால் இன்னும் நல்லது. சமரசப் பேச்சு 45 நாளுக்குள் முடிய வேண்டும். முடிவு வராவிட்டால், சமரச அதிகாரியின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்துப் போக மூன்று வருடம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு வருடம் கடந்தால் சமரச அதிகாரி கையில் எடுக்க முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும், தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பணிக்கொடைக்குத் தனி மனு, தனி அதிகாரி. வேலை போன 30 நாளுக்குள் அது வர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். இந்த வழி சற்று விரைவானது, இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் போகலாம். முடிவில் வேலையே திரும்பக் கிடைக்கலாம், அல்லது வேலைக்குப் பதிலாக ஒரு தொகை மட்டும் கிடைக்கலாம். தவறான வேலைநீக்கத்தில், வேலையையும் இடைப்பட்ட காலச் சம்பளத்தையும் திருப்பித் தருவதே வழக்கமான நெறி என்று 2013-இல் ஒரு பள்ளி ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு, இடைப்பட்ட காலத்தில் எனக்கு வேறு நல்ல வேலை இல்லை என்று நீங்கள் மனுவிலேயே சொல்ல வேண்டும். பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சம்பளப் பாக்கியை இழக்கிறார்கள்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

இன்னொன்று. வைப்பு நிதியின் ஓய்வூதியப் பகுதியை இப்போது எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து வருடச் சேவை முடித்த உங்களுக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு.

கேள்வி: ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் 19 ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசியாக "சீனியர் எக்ஸிகியூட்டிவ்" என்ற பதவி, சம்பளம் 46,000. சென்ற மாதம் மின்னஞ்சலில் வேலைநீக்கம் வந்தது. "நீங்கள் ஸ்டாஃப், தொழிலாளர் சட்டம் உங்களுக்கு இல்லை" என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பார்க்கிறது. யாருக்காவது விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா? ஆள் எடுக்க, தண்டிக்க, மெமோ கொடுக்க முடிந்ததா? அல்லது காலிப்பர் வைத்து அளவு பார்த்து, ரிஜெக்ஷன் கணக்கு எழுதி, அறிக்கை அனுப்பினீர்களா? பின்னது என்றால் அது தொழில்நுட்ப வேலை, நீங்கள் தொழிலாளிதான். தொழில்நுட்ப வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் சம்பள உச்சவரம்பு கிடையாது. மேற்பார்வை வேலைக்குத்தான் மாதம் 18,000 என்ற வரம்பு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு எந்தச் சம்பளத்திலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே பழைய ஷிப்ட் அறிக்கைகள், உங்கள் விடுப்பை வேறொருவர் அனுமதித்த செய்திகள், குறைதீர்ப்பில் உங்கள் பங்கு என்ன என்று காட்டும் மின்னஞ்சல்கள் ஆகியவற்றில் சட்டப்படி உங்கள் கையில் ஏற்கெனவே உள்ளவற்றை இன்றே தனியாகச் சேமித்துவையுங்கள்.

ஒருவேளை நீங்கள் உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பில் இருந்திருந்தால், நியமனக் கடிதத்தில் சொன்ன முன்னறிவிப்புச் சம்பளத்துக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் பணிக்கொடை எந்தப் பதவிக்கும் உண்டு. வேலைநீக்கம் ஆன இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்ற புதிய விதியும் மேலாளர் உட்பட எல்லாருக்கும் பொருந்தும்.

கேள்வி: என் கணவர் எட்டு வருடமாக ஒரே தொழிற்சாலையில், ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தார். இரண்டு முறை ஒப்பந்ததாரர் மாறினார், இவர் நின்ற இயந்திரம் மாறவில்லை. இப்போது வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இவருக்கு ஏதாவது உண்டா?
- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: உண்டு, ஆனால் உங்கள் கணவரின் பாதை கடினமானது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தருகிறது. ஒப்பந்ததாரர் என்பவர் பெயரளவுக்குத்தான், வேலை சொன்னதும் கண்காணித்ததும் தொழிற்சாலைதான் என்று காட்ட வேண்டும். இயந்திரம் மாறவில்லை என்று நீங்கள் எழுதியது நல்ல தொடக்கம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் மனு கொடுங்கள், சமரச அதிகாரியிடமும் ஒன்று கொடுங்கள். வைப்பு நிதிப் பாஸ்புக்கை இணையத்திலிருந்து எடுத்து, எந்த மாதத்தில் எந்த நிறுவனப் பெயரில் பணம் கட்டப்பட்டது என்று பாருங்கள். ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம். அவருடைய வாயில் அனுமதிச் சீட்டுகள் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையையும் தேடி எடுங்கள். நகல் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள், ஒப்பந்ததாரர் பெயரும் பிரிவின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும்.